ஆலங்குடா கரையின் வெள்ளை இழை

என் வேலை இன்னதென்று என் வீட்டாருக்கு இன்றுவரை விளங்கவைக்க முடிந்ததில்லை. சென்னையில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து, செயற்கைக்கோள் அனுப்பும் படங்களைப் பார்த்து, இது புகை, இது புழுதி என்று பிரித்துச் சொல்லும் வேலை. "இதுக்கு எதுக்கு ராக்கெட்? ஜன்னலைத் திறந்தா தெரியாதா?" என்பாள் மனைவி. போகி அன்று காலையில் மட்டும் அவள் சொல்வது சரிதான்.

இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஒரு மாசி மாதம் கொழும்பிலிருந்த ஓர் அலுவலகம் எங்களிடம் ஒரு சந்தேகம் கேட்டது. புத்தளம் மாவட்டத்தில் கற்பிட்டி என்று ஒரு நீண்ட நிலமுனை கடலுக்கும், களப்பு என்று அங்கே சொல்கிற உப்பங்கழிக்கும் நடுவே வடக்கு நோக்கிப் போகிறது. அதன் மேற்குக் கரையில், வானம் மேகமில்லாமல் மங்கி மூட்டமாக இருக்கும் காலைகளில் மட்டும், ஒரு மெல்லிய வெள்ளை இழை கிளம்பிக் கடலுக்குள் நீள்கிறது. அது என்ன?

அந்த இடத்தை ஒரு செயற்கைக்கோள் முற்பகலிலும் இன்னொன்று பிற்பகலிலும் கடக்கும். முற்பகல் படத்தில் இழை இருக்கும், பிற்பகல் படத்தில் இருக்காது. எங்கள் அறையில் பாதிப் பேர் அதைப் புழுதி என்றார்கள். நான் புகை என்றேன். புழுதி பாயை உதறியதுபோல் அகலமாக எழும். புகை ஒரு புள்ளியில் பிறந்து போகப்போக விரியும். சரி, வெறும் மணலில் புகைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள்.

போர்க்காலத்தில் கரையிலிருந்து எழும் எதையும், யாரோ யாருக்கோ காட்டும் அடையாளமாகப் பார்க்கிற ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் கையிலும் அந்தப் படம் போய்ச் சேர்ந்திருந்தது. நேரில் பார்த்து, எந்த இடம், என்ன காரணம் என்று எழுதித் தர ஒருவர் வேண்டும் என்று கொழும்பு அலுவலகம் கேட்டது. அலுவலகத்தில் இளைஞர்கள் அத்தனை பேர் வீட்டிலும் அந்த வாரம் விசேஷம் வந்துவிட்டது. இடுப்புவலிக்காரனான நான் போனேன்.

முதல் நாள் முழுக்க ரஃபீக்கின் வேனில் கழிந்தது. ரஃபீக் எனக்காக அமர்த்தப்பட்ட ஓட்டுநர். நாற்பதைத் தொடும் வயது, தலையில் தொப்பி, வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். வேனின் பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். வளைவு வரும்போதெல்லாம், "சேர், கயித்தப் புடிங்க" என்பார். நான் பிடிப்பேன். புத்தளம் வந்து சேர்வதற்குள் உள்ளங்கை சிவந்துவிட்டது.

சோதனைச் சாவடிகளில் பயணிகள் இறங்கி நடக்க வேண்டும், வண்டி தனியாக ஊர்ந்து வரும். மூன்றாவதோ நான்காவதோ சாவடியில் ஒரு சிப்பாய் என் அட்டைக் குழாயைத் திறக்கச் சொன்னான். உள்ளே வானத்திலிருந்து எடுத்த இலங்கைக் கடற்கரைப் படங்கள் சுருட்டிக் கிடந்தன. அவற்றைக் கையில் எடுத்த பிறகுதான், போர் நடக்கும் நாட்டுக்குள் எதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது.

"சேர், ஒண்டும் கதைக்க வாணாம். நான் கதைக்கிறன்" என்று ரஃபீக் முன்னால் போனார். சிங்களத்தில் நீண்ட நேரம் பேசினார். சிப்பாய் படத்தை விரித்து வெயிலில் பிடித்தான். என்னிடம் ஏதோ கேட்டான். ரஃபீக் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். "நீங்க மழ பாக்குற ஆளெண்டு சென்னேன். அவர்ட ஊருல நெல்லு வெட்டிப் போட்டிரிக்காம். இந்தக் கிழமைக்குள்ள மழ வருமா எண்டு கேக்குறார்."

நான் படத்தை வாங்கி, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு பார்த்தேன். "வராது" என்றேன். அவன் படங்களை என்னைவிட நேர்த்தியாகச் சுருட்டிக் குழாய்க்குள் வைத்துக் கொடுத்தான். வழியெல்லாம் அவன் நெல்லை நினைத்து எனக்குக் கவலையாக இருந்தது.

கற்பிட்டியில் ஒரு கடைக்கு மேலே அறை. ஜன்னலுக்குக் கீழே கருவாட்டு மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. அந்த வாடையில் தூக்கம் வராது என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

மறுநாள் காலைச் சாப்பாடு பாணும் பருப்பும் மாசிக் கருவாட்டுச் சம்பலும். பாண் என்றால் ரொட்டி. எங்கள் ஊரில் அதைக் காய்ச்சல்காரனுக்குத்தான் கொடுப்பார்கள். இங்கே திடகாத்திரமான மீனவர்கள் பெரிய பெரிய துண்டாகப் பிய்த்துச் சம்பலில் அழுத்திச் சாப்பிட்டார்கள். நானும் அழுத்தினேன். காரம் கண்ணில் நீர் வரவழைத்தது, ஆனாலும் இன்னொரு துண்டு கேட்டேன்.

வெளியே வானம் அழுக்குத் துணி நிறத்தில் இருந்தது. இது என்ன மூட்டம் என்று ரஃபீக் கேட்டார். இதில் பாதி உள்ளூர்ப் புழுதி, மீதி இந்தியாவின் வடக்கே எரிக்கிற அடுப்பும் வயலும் செங்கல் சூளையும் விடும் புகை, இந்த மாதங்களில் காற்று அதைத் தெற்கே தள்ளிக்கொண்டு வருகிறது என்றேன். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் கையை நிறுத்தினார்.

"அங்கயிருந்து சீல வரும், வெங்காயம் வரும், படம் வரும். இப்ப பொகையும் வருதா? இத சுங்கத்துல புடிக்க மாட்டாங்களா?"

கடையே சிரித்தது. ஏதோ நானே பையில் கொண்டுவந்து இறக்கியவன்போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கற்பிட்டி வெங்காயம் இந்திய வெங்காயத்தால் விலை போகாமல் கிடக்கிறது என்று கடைக்காரர் தொடர்ந்து திட்டினார். எங்கள் நாட்டின் சார்பில் இரண்டுக்குமாகச் சேர்த்துத் தேநீருக்கு மேலதிகமாகக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

படத்தில் இழை கிளம்பும் இடமான ஆலங்குடாவுக்குப் போகும் வழியில் வெங்காயத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும். கரைக்கு எட்டுமுன் வேன் மணலில் புதைந்தது. ரஃபீக் சக்கரத்தைச் சுழற்றச் சுழற்ற இன்னும் இறங்கியது. நான் பின்னால் நின்று தள்ளினேன், சக்கரம் என் சட்டை முழுக்க மணலை வாரி இறைத்தது. புழுதியை வானத்திலிருந்து பார்க்கிறவன் பக்கத்திலிருந்து வாங்கிக்கொண்டது அன்றுதான். வலை காயவைத்துக்கொண்டிருந்த சிலர் வந்து, ஒன்றும் சொல்லாமல் வேனைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்குள் வெயில் ஏறி மூட்டம் விலகிவிட்டிருந்தது. கரையில் இறங்கி நடந்தபோது அதைப் பார்த்தேன். மணலில் நீளமாக வெட்டிய பள்ளம், அதில் சாம்பல். பக்கத்தில் ஊறிப்போன தேங்காய் மட்டைகள் ஓலை போட்டு மூடிக் கிடந்தன. என் படத்து இழை பிறக்கும் இடம் அதுதான். புகை என்று நான் சொன்னது சரி. அலுவலகத்தில் எல்லோர் முகத்தையும் நினைத்து ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது.

மட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார். கழுத்தில் சிலுவைக் கயிறு, முழங்கைவரை கரி.

"நீங்களா மேலயிருந்து எங்கட நெருப்பப் படமெடுத்த ஆள்?" என்றார். நான் வரும் செய்தி எனக்கு முன்பே கரைக்கு வந்திருந்தது.

நானில்லை, ஓர் எந்திரம்தான் எடுக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அது பதிலாகாது என்று தோன்றியது. "ஆமாம்" என்றேன்.

"ஓம் எண்டு சொல்றீங்க. நல்லது. எப்பிடியிருக்குது எங்கட நெருப்பு?"

படத்தை விரித்துக் காட்டினேன். அவர் விரலைத் தூரத்தில் வைத்தே இழையின் மேல் ஓட்டினார். இவ்வளவு தூரம் கடலுக்குள் போகிறதா என்று கேட்டபோது அவர் குரலில் பெருமை இருந்தது. அவர் பெயர் செலஸ்தீனா. கணவர் அன்டன் கடலுக்குப் போயிருந்தார்.

"மூட்டமெண்டா கடல்ல நிக்கிற ஆக்களுக்குக் கர தெரியாது" என்றார். "கோயில் கூரையும் தெரியாது, பனையும் தெரியாது. வழி பாக்குற சாமான் ஒண்டும் வள்ளத்துல வெச்சிருக்க இந்தக் காலத்துல விடமாட்டாங்க. விடியக் காத்து கரையிலருந்துதானே கடலுக்கு அடிக்குது? ஈர மட்டையப் புகைய விட்டா அந்த மணம் கடல் வழிய போகும். மணத்தப் புடிச்சுக்கொண்டு காத்துக்கு எதிரா வந்தா, இஞ்ச வந்து ஏறலாம்."

"எவ்வளவு நேரம் எரிப்பீர்கள்?"

"கடைசி வள்ளம் வாற மட்டும்."

"உங்கள் வீட்டுக்காரர் முதலில் வந்துவிட்டால்?"

"அவர் எங்க முதல் வாறது? அந்த இஞ்சினோட எப்பவும் கடைசிதான்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். "வந்தாலும் விட்டுட்டுப் போக ஏலாது. எல்லா வீட்டாலயும் ஆக்கள் வந்து நிண்டு எரிக்கிறது. தன்ட ஆள் வந்திட்டெண்டு ஒருத்தியும் வீட்ட போக மாட்டா. அது இந்தக் கரையில இல்ல."

பிற்பகல் படங்களில் இழை ஏன் இருப்பதில்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது. மதியத்துக்குள் எல்லோரும் கரையேறிவிடுகிறார்கள்.

என் வேலை அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. கரையோரக் காவலரணிலிருந்து ஒரு சார்ஜன்ட் இரண்டு சிப்பாய்களோடு நடந்து வந்தார். நரைத்த மீசை, அவரும் களைத்த மனிதர். சிங்களத்தில் சொன்னதை ரஃபீக் தாழ்ந்த குரலில் எனக்குச் சொன்னார். "மேலேயிருந்து செய்தி வந்திருக்கிறது. விசாரணை முடியும்வரை கரையில் நெருப்பு மூட்டக் கூடாது."

விசாரணை என்பது நான்தான். செலஸ்தீனா என்னைப் பார்த்தார். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவர் வெறுமனே பார்த்தார். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், இது படகுகளுக்கு வழி காட்டும் நெருப்பு, வேறொன்றுமில்லை என்று ரஃபீக் மூலம் சொன்னேன். சார்ஜன்ட் தலையாட்டினார். "எழுதுங்கள். இடத்தையும் குறித்துக் கொடுங்கள். வேண்டுமா வேண்டாமா என்று மேலே முடிவு செய்வார்கள்."

அவர் போன பிறகுதான் நான் சொன்னதன் அர்த்தம் எனக்கே தெரிந்தது. வழிகாட்டும் நெருப்பு என்று போர்க்காலத்தில் எழுதினால், யாருக்கு வழி என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு புள்ளியும் வைத்துக் கொடுத்தால் அந்த இடத்தில் இனி எந்த நாளும் நெருப்பு எரியாது. எழுதாமல் போனால் தடை அப்படியே நிற்கும். கரைக்கு வர வழியில்லாமல் அன்டனைப் போன்றவர்கள் மூட்டத்துக்குள் சுற்றுவார்கள். அன்று இரவுச் சாப்பாடு இடியப்பமும் சொதியும் என்று நினைவு, ருசி நினைவில் இல்லை.

மூன்றாம் நாள் வானம் தெளிந்திருந்தது. நெருப்பு தேவைப்படவில்லை. அறையில் கிடந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தவனை ரஃபீக் வந்து எழுப்பி, மதியச் சாப்பாட்டுக்குக் கரைத்தீவுக்குக் கூட்டிப்போனார். களப்போரத்தில், வடக்கிலிருந்து பல வருடங்களுக்கு முன் ஒரே உத்தரவில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் குடியிருப்பு அது. கொஞ்ச நாளைக்கு என்று கட்டிய ஓலை வீட்டுக்கு ரஃபீக் இப்போது சீமெந்துத் தரை போட்டிருந்தார். அவருடைய மனைவி கதவுக்குப் பின்னாலிருந்தே கறிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். இறால் கறியை நான் மூன்று தடவை வாங்கிக்கொண்டேன்.

சாப்பிட்டு முடிந்ததும் ரஃபீக், "சேர், எங்கட ஊரக் காட்டுங்க" என்றார். மன்னார்ப் பக்கத்தில் கடலோரமாக ஒரு கிராமம். படத்தில் தேடி, பேனா முனையால் ஒரு புள்ளியைத் தொட்டேன்.

"இவ்வளவுதானா?"

"இந்த ஒரு புள்ளிக்குள் ஒரு தென்னந்தோப்பே அடங்கும்."

அவர் குனிந்து பார்த்தார். "பொகை ஏதும் இரிக்கா?"

"இல்லை. வெறும் பச்சை."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று முகத்தைக் கைகளால் தடவிக்கொண்டார். அந்தப் படம் எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது அவர் வீதியைப் பார்த்தபடியே சொன்னார். "சேர், நான் படிச்ச ஆளில்ல. ஆனா ஒண்டு செல்றன். ஆரோ ஒரு ஆள் சென்ன ஒரு சொல்லுக்குத்தான் நாங்க ஊர உட்டு வந்து இஞ்ச கெடக்கிறம். நீங்க எழுதக்குள்ள கொஞ்சம் பாத்து எழுதுங்க."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும்போல் இருந்தது. வேறொருவர் இந்த வேலைக்கு வந்திருக்கலாம் என்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அன்று என் மனதில் பெரிதாக வீரம் ஒன்றுமில்லை.

நான்காம் நாள் விடிந்தபோது மூட்டம் ஜன்னலோடு ஒட்டி நின்றது. எதிர்க்கடைப் பலகை தெரியவில்லை. ஆலங்குடாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது கரை முழுக்கப் பெண்கள். வள்ளங்கள் மூட்டத்துக்கு முன்பே போயிருந்தன, திரும்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடல் இருந்த இடத்தில் சத்தம் மட்டும் இருந்தது. பள்ளத்தின் பக்கத்தில் ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நின்றான், சார்ஜன்ட் கொஞ்சம் தள்ளி ஒரு கவிழ்த்த தோணியில் உட்கார்ந்திருந்தார்.

செலஸ்தீனா அவரிடம் போனார். சிங்களத்திலேயே கேட்டார். ரஃபீக் என் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஐயா, கரையில் நெருப்பு மூட்டக் கூடாது. சரி. சமைக்கலாமா?"

சார்ஜன்ட் அவரைப் பார்த்தார். "சமையல் வீட்டில்தானே?"

"வீட்டுக்குள் வெக்கை. பிள்ளைகளுக்கு இருமல். வெளியே சமைக்கிறோம்."

"சமையுங்கள்" என்றார் அவர், கடல் இருந்த பக்கம் பார்த்தபடி. "சமைக்க வேண்டாமென்று எனக்கு யாரும் சொல்லவில்லை."

அதற்காகவே காத்திருந்தவர்கள்போல் அத்தனை பேரும் திரும்பி ஓடினார்கள். கற்களும் பானைகளும் வந்தன. இரும்பு அடுப்பைத் தலையில் தூக்கி வந்தார் ஒருவர். பக்கத்துத் தெருவிலிருந்து முஸ்லிம் பெண்கள் கந்தூரி விருந்துக்குச் சோறு ஆக்கும் பெரிய சட்டியை நான்கு பேராகப் பிடித்துக்கொண்டு வந்து இறக்கினார்கள். பழைய பள்ளத்தைத் தொடாமல், அதன் இரு பக்கமும் வரிசையாக அடுப்புகள் மூண்டன. எரியும் விறகின் மேல் ஈர மட்டையை வைத்தார்கள். வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து, மூட்டத்துக்குள் நுழைந்து, கடல் பக்கம் போனது.

நான் ஒரு பானைக்குள் எட்டிப் பார்த்தேன். வெறும் தண்ணீர். அடுத்ததிலும் தண்ணீர்தான். மூன்றாவதில் உப்பு போட்டிருந்தார்கள்.

"மீனில்லாம என்ன சமைக்கிறது?" என்றார் செலஸ்தீனா. "மீன் வரட்டும்."

சார்ஜன்ட் எழுந்து வரிசை நெடுக நடந்து வந்தார். அவரும் பானைகளைப் பார்த்தார். "எல்லோரும் ஒரே நேரத்தில் எதற்குச் சமைக்க வேண்டும்?" என்று கேட்டார்.

"எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் பசிக்கிறது" என்றார் செலஸ்தீனா.

சார்ஜன்ட் என் பக்கம் திரும்பினார். ரஃபீக் மொழிபெயர்க்கத் தேவையில்லாமலே கேள்வி புரிந்தது. நீ என்ன எழுதப் போகிறாய்? பெண்கள் எல்லோரும் ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். இடுப்பு வலித்தது. கந்தூரிச் சட்டிக்குப் பக்கத்தில் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "எப்போது சாப்பாடு?" என்று கேட்டேன்.

யாரோ ஒரு பெண் சத்தமாகச் சிரித்தார். சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு தோணிக்குத் திரும்பிப் போனார்.

முதல் வள்ளம் வந்தபோது முதலில் சத்தம்தான் வந்தது, பிறகு முனை, பிறகு அதில் நின்ற ஆள். மூக்கைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். இரண்டாவது, மூன்றாவது என்று ஒவ்வொன்றாக மூட்டத்தைக் கிழித்து வந்தன. ஒவ்வொன்று வரும்போதும் ஒரு பெண் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து தன் அடுப்பில் மட்டையைத் தள்ளினாள். ஒருத்தியும் பானையை இறக்கவில்லை. ஆண்கள் வலையை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. செலஸ்தீனா கடலைப் பார்க்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது, புகைதான் என்று சொல்லலாம். எனக்கும் வழிந்தது.

இருமிக்கொண்டே ஒரு இஞ்சின் சத்தம் கேட்டது. செலஸ்தீனா நிமிரவேயில்லை. "அந்த இழவு இஞ்சின்தான்" என்றார். அன்டன் ஒல்லியான மனிதர். கரையில் இறங்கி, இத்தனை அடுப்பையும் இத்தனை பானையையும் நடுவில் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்து, "ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டார்.

அன்று அந்தக் கரையில் சாப்பிட்ட சூடை மீன் சொதிக்குப் புகை வாடை இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அப்படியொன்றைச் சாப்பிட்டதில்லை. சார்ஜன்டுக்கு ஒரு கிண்ணம் போனது. காலியாகத் திரும்பி வந்தது.

கொழும்பில் என் அறிக்கையை எழுதினேன். அது புகை. வீட்டுச் சமையல் புகை. எங்கள் தொழிலில் சமையல் புகைக்கு மட்டும் இடம் குறிப்பதில்லை, அது எல்லா ஊரிலும் எல்லா வீட்டிலும் இருப்பது. நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை, நான் சாப்பிட்டுப் பார்த்தவன். வாங்கிக்கொண்ட அதிகாரி, "மூட்டமான நாளில் மட்டும் சமைக்கிறார்களா?" என்று கேட்டார். அன்றைக்கு மட்டும் வெளியே சமைக்கிறார்கள் என்றேன். அவர் பேனாவைத் திறந்து கையெழுத்து வைத்தார்.

அதற்கு முன்பு, கற்பிட்டியிலிருந்து திரும்பும் வழியில் அதே சோதனைச் சாவடியில் அதே சிப்பாய் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "மழை வரவில்லை" என்று சிரித்துக்கொண்டே கையசைத்து அனுப்பினான். அந்தப் பயணம் முழுவதிலும் என் அறிவியல் பலித்தது அந்த ஓரிடத்தில்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. காலையில் அறைக்குள் நுழைந்ததும் முதலில் கற்பிட்டிப் படத்தைத் திறப்பேன். மூட்டமான நாளில் இழை இருக்கும். பிற்பகல் படத்தில் இருக்காது. எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு மற்ற வேலையைப் பார்ப்பேன்.

பங்குனி பிறந்த பிறகு ஒரு நாள். மூட்டம் கனமாக இருந்தது. முற்பகல் படத்தில் இழை கடலுக்குள் நீளமாகப் போயிருந்தது. பிற்பகல் படம் வந்தது. இழை இருந்தது. அந்நேரத்துக்குக் காற்று திரும்பிவிடும், கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். ஆகையால் இழையும் திரும்பி, களப்பின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கடலில் இருப்பவனுக்கு அந்தப் புகையால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் எரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வானம் கண்ணாடிபோல் தெளிவு. நெருப்புக்கு வேலையே இல்லாத நாள். இரண்டு படத்திலும் இழை இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. நான் ரஃபீக்குக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வெகு நேரம் கழித்துக் கிடைத்தார்.

"ஓம் சேர். எல்லா வள்ளமும் வந்திட்டு. அன்டன்ட வள்ளம்தான் வரல்ல."

தேடிப் போனார்களா என்று கேட்டேன்.

"தேடப் போன ஆக்களும் திரும்பி வந்திட்டாங்க. செலஸ்தீனாக்கா நெருப்ப அணைய உடுறா இல்ல. மத்தப் பொம்புளைகளும் வீட்ட போகல்ல. எங்கட ஆக்களும் அங்கதான் நிக்கிறாங்க. நேத்து அந்த சார்ஜன் ஒரு டிரக்டர் நெறயப் பொச்சு மட்ட கொண்டாந்து கொட்டிட்டு, ஒண்டும் கதைக்காமப் போனார்." பிறகு ரஃபீக் கேட்டார். "அங்க தெரியுதா சேர்?"

"தெரிகிறது" என்றேன்.

"செல்றன் அவக்கு."

நான் அறைக்குத் திரும்பியபோது கொழும்பிலிருந்து கடிதம் வந்திருந்தது. அவர்களும் படத்தைப் பார்த்திருந்தார்கள். 'வீட்டுச் சமையல் புகை என்று எழுதியிருந்தீர்கள். வானம் தெளிவாக இருக்கும்போதும், இரண்டு வேளைப் படத்திலும், மூன்று நாளாக அதே இடத்தில் எரிந்துகொண்டிருக்கிறது. உடனே விளக்கம் தேவை.'

பதில் எழுத உட்கார்ந்தேன். வழக்கமாக நான் நீளமாக எழுதுகிறவன். அன்று ஒரு வரிக்கு மேல் வரவில்லை.

'சமையல் இன்னும் முடியவில்லை' என்று எழுதி அனுப்பினேன்.